போதிக்கும் பெண்களும் மறுக்கப்பட்ட பட்டமும்

கிறிஸ்தவத் திருச்சபையில் பெண்கள் போதிக்கலாமா, குருவாகப் பட்டம் பெறலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் இரண்டு மூன்று வேத வசனங்களைச் சுற்றியே நின்றுவிடுகிறது. "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் சொல்வதை ஒரு தரப்பு எடுத்துக்காட்டும். "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று கலாத்தியர் நிருபம் சொல்வதை மறுதரப்பு எடுத்துக்காட்டும். இரண்டும் பவுலின் பெயரால் வந்தவை. இரண்டில் எதையும் தள்ளிவிட எந்தச் சபையாலும் முடியாது. ஆனால் வசனங்களை மட்டும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பவர்கள், இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளாக நடைமுறையில் எப்படிக் கையாளப்பட்டு வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். அந்த வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆண் ஊழியர்கள் நுழைய முடியாத இடம் ஒன்று இருக்கும்போது சபை பெண்களை அங்கே போதிக்க அனுப்புகிறது, அவர்களும் போதிக்கிறார்கள், அந்தப் பணிக்குரிய பட்டத்தையும் அதிகாரத்தையும் பற்றிய பேச்சு வரும்போது மட்டும், அவர்கள் செய்தது உதவி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டிலேயே பெண்களின் பணிக்குச் சான்றுகள் நிறைய உண்டு. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பட்டியல், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளிடமிருந்து தொடங்குகிறது. அப்பொல்லோ என்ற கல்விமானைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டியவர்கள் ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்று சொல்லப்படும் யூனியாவைப் பிற்காலத்து உரையாசிரியர்கள் சிலர் ஆண் என்று கொண்டார்கள்; ஆனால் 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியிலேயே பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தொம் அவரைப் பெண் என்று ஐயமின்றிக் கொண்டு, அவருடைய ஞானத்தைப் புகழ்ந்திருக்கிறார். சபைக்கு வெளியேயிருந்தும் ஒரு சான்று கிடைக்கிறது. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநராயிருந்த பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஊழியர் என்று அழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகச் சொல்கிறார். ஒரு சபையைப் பற்றி அறிய யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆளுநருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் தடை வசனங்களை எப்படிப் புரிந்துகொள்வது? கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் ஸ்திரீகள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள் என்கிறது. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரமோ, பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடைமுறையாக ஏற்றுக்கொண்டு, அப்போது தலையை மூடியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. எனவே 14-ஆம் அதிகாரம் சொல்வது எல்லாப் பேச்சுக்குமான தடையாக இருக்க முடியாது என்பதைப் பழமைவாத உரையாசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எந்தப் பேச்சு என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. தீமோத்தேயு நிருபத்தைப் பொறுத்தவரை, எபேசு சபையில் பரவியிருந்த தவறான போதனையை அடக்க எழுதப்பட்ட கட்டளை அது என்பது ஒரு விளக்கம். ஆதாமையும் ஏவாளையும் சுட்டிப் பேசுவதால் அது எக்காலத்துக்கும் உரிய படைப்பின் ஒழுங்கு என்பது இன்னொரு விளக்கம். இரண்டாவது விளக்கத்தை நேர்மையாகப் பின்பற்றுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வசனத்தை அவர்களுடைய சபைகளும் முழுமையாகக் கடைப்பிடித்ததில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது.

3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் தொகுக்கப்பட்ட ஒரு திருச்சபை ஒழுங்கு நூலை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் வயது வந்தவர்கள் ஆடை களைந்து நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் உடல் முழுவதும் எண்ணெய் பூசப்பட்டது. பெண்களுக்கு ஓர் ஆண் இதைச் செய்வது முறையாகாது என்பதால் பெண் உதவிக்குருக்கள் (குருவுக்கு அடுத்த நிலை ஊழியர்கள்) நியமிக்கப்பட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும் பெண்ணை ஏற்றுக்கொண்டு, அவள் பெற்ற முத்திரையைத் தூய்மையாகக் காத்துக்கொள்ளும் வழியைப் போதிப்பதும் அவர்களுடைய பொறுப்பு. புறமதத்தார் வீடுகளில் வாழும் விசுவாசிகளான பெண்களிடம் ஆண் ஊழியர்களை அனுப்ப முடியாது என்பதால், அங்கே சென்று சந்திப்பதும் நோயுற்றவர்களைக் கவனிப்பதும் அவர்களிடமே விடப்பட்டன. அத்தியட்சரை, அதாவது பேராயரை, கடவுளுக்கும், ஆண் உதவிக்குருவைக் கிறிஸ்துவுக்கும் ஒப்பிடும் அந்நூல், பெண் உதவிக்குருவைப் பரிசுத்த ஆவிக்கு ஒப்பாக மதிக்கச் சொல்கிறது. இவ்வளவு சொன்ன அதே நூல், ஒரு பெண் தானே ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றும், விதவைகள் உபதேசம் செய்ய முற்படக் கூடாது என்றும் கண்டிப்பாகத் தடுக்கிறது. தேவையும் தயக்கமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன.

கி.பி. 451-இல் கூடிய கல்சிதோன் பொதுச்சங்கம், நாற்பது வயதுக்குக் குறைந்த பெண்ணை உதவிக்குருவாக நியமிக்கக் கூடாது என்று விதித்தது. விதி எழுதும் அளவுக்கு அந்தப் பதவி நிலைபெற்றிருந்தது. கான்ஸ்தாந்திநோப்பிளில் கிறிசோஸ்தொமின் நெருங்கிய துணையாயிருந்த ஒலிம்பியாஸ் அந்தப் பதவி வகித்தவர்தான். பின்னர் குழந்தை ஞானஸ்நானமே வழக்கமானபோது, வயதுவந்த பெண்களுக்கு எண்ணெய் பூசும் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் பதவியும் தேய்ந்தது. அதோடு தீட்டு பற்றிய எண்ணமும் சேர்ந்துகொண்டது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் திருப்பந்தியை அணுகலாகாது என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் தியோனிசியு எழுதியிருந்தார். 12-ஆம் நூற்றாண்டின் சட்ட உரையாசிரியர் பால்சமோன், முன்பு பெண் உதவிக்குருக்கள் பீடத்தை அணுகியது உண்டென்றும், மாதவிலக்கின் தீட்டே அவர்களை அங்கிருந்து விலக்கியது என்றும் காரணம் சொன்னார். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண் தம்மைத் தொட்டபோது அவளைக் கடிந்துகொள்ளாமல் "மகளே" என்று அழைத்த இயேசுவின் பெயரால் இந்த விலக்கு நடந்தது என்பதை என்னால் வருத்தமின்றி எழுத முடியவில்லை.

இடைக்கால மேற்கில் பெண்களின் போதனை துறவு மடங்களுக்குள் வாழ்ந்தது. சியன்னா நகர் கத்தரீனும் அவிலா தெரேசாவும் 1970-இலும், லிசியே தெரேசா 1997-இலும், பிங்கன் நகர் ஹில்டெகார்ட் 2012-இலும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அகில உலகத் திருச்சபைக்கும் போதிப்பவர்கள் என்ற அங்கீகாரம் அது.

சீர்திருத்தச் சபைகளில் மடங்கள் மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. விதிவிலக்கு, பட்டம் பெற்ற குரு இல்லாமல் கூடி வழிபட்ட குவேக்கர்கள். அவர்களில் ஒருவரான மார்கரெட் ஃபெல், பெண்கள் பேசுவது வேதத்துக்கு இசைந்ததே என்று 1666-இல் ஒரு நூலே எழுதினார். மெதடிஸ்டுகளின் அனுபவம் இன்னும் பாடம் நிறைந்தது. 1711-12 குளிர்காலத்தில், ஊரிலிருந்து வெளியே சென்றிருந்த குருவின் மனைவி சூசன்னா வெஸ்லி, இங்கிலாந்தின் எப்வொர்த்தில் தம் வீட்டில் குழந்தைகளுக்காக நடத்திய ஞாயிறு ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறு பேர் வரை பெருகியது. குருவுக்குப் பதிலாக அங்கே பணிசெய்த ஊழியர் புகார் எழுதினார். அந்த வீட்டில் வளர்ந்து மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1771-இல் மேரி பொசான்கே போன்ற பெண்கள் பிரசங்கிப்பதை அசாதாரணமான அழைப்பு என்று ஏற்றுக்கொண்டார். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், இயக்கம் ஒழுங்கான சபையாக உருப்பெற்றதும், 1803-ஆம் ஆண்டு மாநாடு பெண்கள் பெண்களுக்கு மட்டுமே பேசலாம் என்று சுருக்கிவிட்டது. எழுப்புதல் காலத்தில் திறக்கும் கதவு, நிர்வாகக் காலத்தில் மூடப்படுவதை வேறு பல சபைகளிலும் காணலாம்.

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இந்தப் போக்குக்கு முதல் சாட்சி பாளையங்கோட்டையில் இருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திய பிராமண விதவையான கிளாரிந்தா, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்த காரணத்தால் முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரால் ஞானஸ்நானம் பெற்றார். தன் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வேதத்தைக் கற்றுக்கொடுத்து, விசுவாசிகளைச் சேர்த்தார். 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பெயர்களில் முதற்பெயர் அவருடையது. 1785-இல் அவர் கட்டிமுடித்த ஆலயம் பாப்பாத்தியம்மாள் கோவில் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. தனக்கு ஓர் உபதேசியார், அதாவது சபைக்கு வேதம் போதிக்கும் ஊழியர், வேண்டுமென்று தஞ்சாவூர் மிஷனைக் கேட்டுக்கொண்டவரும் அவரே. அப்படி வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். சபையைக் கூட்டியவருக்கு அப்படி ஒரு பட்டத்தை யாரும் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அது இயல்பு. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் ஒரு பெண்ணின் போதனை என்ற உண்மை மட்டும் அதனால் குறைந்துவிடாது.

19-ஆம் நூற்றாண்டில் இதுவே ஒரு முறைமையாக வளர்ந்தது. 1857-இல் லண்டனில் எலன் ரன்யார்டு தொடங்கிய வேதாகமப் பெண்கள் பணி, இந்தியாவில் வேறொரு காரணத்துக்காக வேகமாகப் பரவியது. உயர்சாதி வீடுகளின் உட்கட்டில் வாழ்ந்த பெண்களிடம் எந்த மிஷனரி ஐயரும் போக முடியாது. உபதேசியாரும் போக முடியாது. அங்கே போக ஒரு தமிழ்ப் பெண்ணால்தான் முடியும். எனவே எழுதப் படிக்கத் தெரிந்த, பெரும்பாலும் விதவைகளான பெண்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, வேதபுத்தகத்தோடு வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், வேதக் கதைகளை விளக்கினார்கள், ஜெபித்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். சிரிய நூல் பெண் உதவிக்குருவுக்கு விதித்த கடமைகளோடு இதை ஒப்பிட்டால், ஏறத்தாழ 1,600 ஆண்டு இடைவெளியில் அதே காரணத்துக்காக அதே பணி மறுபடி பிறந்திருப்பது தெரியும். ஒரு வேறுபாடு உண்டு. சிரியப் பெண்ணுக்குத் திருச்சபை ஒரு பதவியைக் கொடுத்தது. தமிழ்ப் பெண்ணுக்குக் கொடுத்தது சொற்பச் சம்பளமும், மிஷன் அறிக்கையில் பெயரில்லாமல் ஒரு வரியும்தான். வேதாகம ஸ்திரீகள் என்ற தலைப்பின் கீழ் எண்ணிக்கையாகவே பலர் பதிவாகியிருக்கிறார்கள். அவர்கள் போதித்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் பின்னாளில் குருவானவர்களானார்கள். அந்தப் பாட்டிகளுக்கு எழுத்து அறிவித்தவர் யார் என்று எந்த ஏட்டிலும் தேடிக் காண முடிவதில்லை. இந்த வரலாற்றிலேயே பெரிய இழப்பாக நான் கருதுவது இதைத்தான்.

1896-இல் திருநெல்வேலிக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு ஒரு குழுவாகக் கிராமம் கிராமமாகச் சென்றபோது இந்த முறையை இன்னும் ஒரு படி நகர்த்தினார். பெண்களே தனித்துப் பயணம் செய்து திறந்த வெளியில் சுவிசேஷம் சொன்னது அக்காலத்துக்குப் புதுமை. டோனாவூரில் அவருடைய காப்பகத்தில் குழந்தைகள் சேரத் தொடங்கிய பிறகு அந்தப் பயணம் நின்றது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824-இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியும் இதே தேவையின் இன்னொரு கிளை. சபைக்கும் பள்ளிக்கும் தேவையான ஆசிரியைகள் அங்கே உருவானார்கள்.

பெண்கள் பெண்களுக்குப் போதிக்கும்வரை எதிர்ப்பு எழவில்லை. எல்லை எங்கே இருந்தது என்பதைப் பண்டித ரமாபாயின் அனுபவம் துல்லியமாகக் காட்டுகிறது. சமஸ்கிருதப் புலமைக்காக 1878-இல் கல்கத்தாவின் ஆண் பண்டிதர்களே அவருக்குப் பண்டிதா என்ற பட்டத்தை அளித்திருந்தார்கள். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்று, செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் அவர் இருந்தபோது, இளைஞர்களுக்கு இந்திய மொழி கற்பிக்கும் யோசனை வந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை மரபின்) பேராயர்கள், அது அவருடைய மதிப்பைக் குலைக்கும் என்று சொல்லித் தடுத்தார்கள். தன் நாட்டில் ஆண்கள் கூடிய சபைகளில் பேசி வந்தவர் தான் என்பதைச் சுட்டி அவர் உறுதியாக மறுப்பு எழுதினார். அங்கே கேள்விக்குள்ளானது வேதபாடமும் அல்ல, திருப்பந்தியும் அல்ல, வெறும் மொழிப்பாடம். ஆணுக்கு ஒரு பெண் ஆசிரியராக நிற்பதே சிக்கலாகத் தெரிந்திருக்கிறது. அதே ரமாபாய் பின்னர் வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார்.

பெண்களுக்குக் குருப்பட்டம் என்பது 1853-இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூர்ச் சபை ஆன்டனெட் பிரவுனுக்கு அளித்ததிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியது. ஆனால் அப்போஸ்தலரிடமிருந்து பேராயர்கள் வழியாகத் தொடர்ந்து வரும் பட்டம் என்ற அப்போஸ்தல வழிமரபை வலியுறுத்தும் ஆங்கிலிக்க உலகில் அது நடந்தது ஒரு போர்க்கால நெருக்கடியில். ஜப்பானியர் ஆக்கிரமிப்பால் மக்காவு நகரின் அகதிகளுக்குத் திருவிருந்து கொடுக்கக் குருக்கள் யாரும் வர முடியாமல் போனபோது, ஹாங்காங் பேராயர் ஹால், அங்கே ஊழியம் செய்துவந்த பெண் உதவிக்குரு லி டிம்-ஓய்க்கு 1944 ஜனவரி 25 அன்று குருப்பட்டம் அளித்தார். போர் முடிந்ததும் மேலிடத்து எதிர்ப்பு வலுத்தது. தம் பேராயருக்குச் சங்கடம் நேராதிருக்க 1946-இல் அவர் குருப்பணி செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஹாங்காங் சபை அவருடைய பட்டத்தை மறுபடி ஏற்றது 1971-இல். இங்கிலாந்துத் திருச்சபை 1992-இல் வாக்களித்து, 1994-இல் முதல் பெண் குருக்களுக்கும் 2015-இல் முதல் பெண் பேராயருக்கும் பட்டமளித்தது. 2025-இல் சாரா முல்லலி கேன்டர்பரியின் பேராயராக நியமிக்கப்பட்டார்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரிய, கொங்ரிகேஷனல் மரபுகள் இணைந்து உருவானபோது குருத்துவம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. 1952-இல் கரோல் கிரகாம் தலைமையில் சகோதரிகளுக்கான அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. அது அர்ப்பணத்துக்கு வடிவம் கொடுத்ததே தவிர, திருப்பந்திக்கு வழி திறக்கவில்லை. 1976-இல்தான் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கினார்கள். தாய்ச் சபையான இங்கிலாந்தை விடப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே இது நடந்தது என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. மேற்கிலிருந்து இறக்குமதியான நவீனக் கருத்து என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஆனால் அடுத்த படிக்கு 37 ஆண்டுகள் பிடித்தன. 2013 செப்டம்பரில் நந்தியால் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) பேராயராக எக்கோனி புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றபோதுதான் தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தார்.

மறுக்கும் சபைகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை என்பதையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் தடை பீடத்தைச் சேர்ந்தது. கிறிஸ்து பன்னிரு ஆண்களையே திருத்தூதராகத் தேர்ந்தார், திருப்பலியில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், எனவே பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். ஆனால் அங்கே ஓர் அருட்சகோதரி வருங்காலக் குருக்களுக்கே இறையியல் கற்பிக்கலாம், கற்பிக்கவும் செய்கிறார். திருப்பலியின் மறையுரை மட்டும் திருப்பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. மாறாக, பிரதரன் சபைகளிலும் பல பாப்திஸ்து, சுயாதீன சபைகளிலும் பீடமும் இல்லை, பலியும் இல்லை. தடை பிரசங்கத்தைச் சேர்ந்தது. ஆண்கள் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் வேதத்தை விளக்கலாகாது என்பதே அங்கே சிக்கல். முதலாம் தரப்புக்குத் தீமோத்தேயு நிருபத்தைக் காட்டி வாதிடுவதும், இரண்டாம் தரப்புக்குக் குருத்துவத்தின் அடையாளத்தைப் பற்றி வாதிடுவதும் பயனற்றவை. பெந்தெகொஸ்தே சபைகள் இன்னொரு நிலையில் இருக்கின்றன. "உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவார்கள்" என்ற வாக்குறுதியின் மேல் நிற்பதால் பெண்ணின் சாட்சியையும் வரங்களையும் அவர்கள் மறுக்க முடியாது. இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் விசுவாச வீடுகளில் முழுநேர ஊழியச் சகோதரிகள் வாழ்வது அதன் ஒரு விளைவு. தலைமைப் பொறுப்பு மட்டும் அங்கும் ஆண்களிடமே இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் அண்மைய மாற்றங்களும் பணிக்குப் பின்னால் பதவி வருவதையே காட்டுகின்றன. நம் பங்குகளில் ஞாயிறு வாசகங்களைப் பெண்கள் வாசிப்பதும், மறைக்கல்வி கற்பிப்பதும் நெடுங்கால நடைமுறை. வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்ததும், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியை முறையான திருப்பணியாக நிறுவியதும் 2021-இல்தான். 2023 அக்டோபரில் ஆயர்கள் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்தார்கள். பெண் திருத்தொண்டர் (உதவிக்குரு) பற்றி ஆராய 2016-இலும் 2020-இலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை புரட்டிப் பார்க்க வேண்டியிருந்த ஏடுகளில் அந்தச் சிரிய நூலும் கல்சிதோன் விதியும் அடங்கும்.

பட்டம் அளிக்கும் சபைகளிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் பெண்கள் ஆண்களோடு ஒரே வகுப்பில் எபிரெயமும் கிரேக்கமும் படித்து, ஒரே தேர்வை எழுதி வெளியே வருகிறார்கள். அதன் பிறகு ஆண் பட்டதாரிக்குக் காத்திருக்கும் பாதை சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிக்கு, செல்கிறது. பெண் பட்டதாரி எந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்தவர், அங்கே பேராயர் யார், அவர் திருமணமானவரா, கணவர் எந்த ஊரில் வேலை செய்கிறார் என்பவற்றைப் பொறுத்து, அவர் குருவானவராகவோ, விடுதிக் காப்பாளராகவோ, பள்ளி ஆசிரியையாகவோ ஆகிறார். குருப்பட்டம் பெற்ற தம்பதியரில் கணவருக்குப் பெரிய சேகரமும் மனைவிக்கு அதன் அருகில் கிடைக்கும் ஏதோ ஒரு பொறுப்பும் தரப்படுவது வழக்கமாகிவிட்டால், சட்டம் சமமாக இருந்தும் பணி சமமாக இருக்காது. பிரசங்க பீடத்தில் பெண்ணின் குரலைக் கேட்டுப் பழகிய சபையார், அடுத்த மாற்றல் பட்டியலில் பெண் குருவானவர் வேண்டுமென்று தாங்களாகவே கேட்கும் நிலை வருமா என்பதைச் சேகரக் குழுக்களும் திருமண்டலப் பேரவைகளும் எடுக்கும் முடிவுகளில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.